கம்ப்யூட்டருக்கு ஃப்ரிட்ஜ் கட்டினேன்: ஈரத்தோடு ஏழு வாரம்

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிரிக்க உட்கார்ந்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை, கடைசியில் குளிர்ச்சி வருமா வராதா என்பதுதான். குளிர்ச்சி நான்காவது வாரமே வந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டினேன். முதலில் குழாய்க்கு உள்ளே இருந்த ஈரம், அப்புறம் வெளியே இருந்த ஈரம்.

ப்ராசஸரை நன்றாகக் குளிரவைத்தால் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டலாம். அதற்குச் செய்ய நினைத்தது இதுதான். ப்ராசஸர் மேல் ஒரு செம்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதற்குள் திரவம் கொதித்து ஆவியாகி, போகும்போது சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்திக் கண்டென்சருக்குத் தள்ளும். அங்கே சூட்டைக் கொட்டிவிட்டு அது மறுபடி திரவமாகும். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும், கேபிலரி என்ற மெல்லிய குழாயையும் தாண்டித் திரும்பவும் கட்டிக்கே வந்து சேரும். ஃப்ரிட்ஜ் காய்கறிக்குச் செய்வதைத்தான் இங்கே ப்ராசஸருக்குச் செய்யப் பார்த்தேன். யோசனை புதிதும் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே கிரையோடெக் நிறுவனம் இதே முறையில் ஆத்லான் ப்ராசஸரை 1 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் கம்ப்யூட்டராகவே விற்றது. டென்மார்க்கின் ஏசெடெக் 'வேப்போசில்' என்று ஒரு பெட்டி போட்டது. இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதால் கையால் கட்ட வேண்டியதாயிற்று.

கம்ப்ரசர் 1/5 ஹெச்பி, ஆர்-134ஏ வாயுவுக்கானது. பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது என்பதால், தெரிந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை அழைத்து சிலிண்டரில் பிடித்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இந்த வேலை செய்பவர்கள் பலர் புரொப்பேனுக்கு, அதாவது ஆர்-290க்கு, மாறிவிடுகிறார்கள். அது மைனஸ் 42-லேயே கொதிக்கும், ஆர்-134ஏவோ மைனஸ் 26-ல்தான். ஆசை இருந்தது, துணிச்சல் வரவில்லை. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு, காற்றைவிடக் கனமாகத் தரையோடு தேங்கும். பக்கத்திலேயே பழைய கம்ப்ரசரின் ஸ்டார்ட்டிங் ரிலே பொறி தட்டிக்கொண்டிருக்கும். வேண்டாம் சாமி.

கட்டி செய்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. மில்லிங் மெஷின் கிடையாது. 42 மி.மீ. செம்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, அடியில் 8 மி.மீ. தகடு வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே மூன்று செம்பு வட்டுகள், ஒவ்வொன்றிலும் துளை எதிரெதிர் ஓரத்தில். திரவம் வளைந்து வளைந்து போய்த்தான் வெளியேற முடியும். போகிற வழியெல்லாம் செம்பைத் தொட்டாக வேண்டும். கேபிலரியை, ஆவி கம்ப்ரசருக்குத் திரும்பும் சக்ஷன் குழாயின் உள்ளேயே விட்டுக் கொண்டுவந்து, நுனி அடித்தகட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்தேன். திரும்பிப் போகும் குளிர்ந்த ஆவி, எதிரே வரும் திரவத்தை வழியிலேயே கொஞ்சம் ஆற்றிவிடும்.

முதல் இரண்டு இணைப்புகளை நைட்ரஜன் விடாமல் பிரேஸிங் செய்தேன். அறுத்துப் பார்த்தால் உள்ளே கருகிய செதில். 0.8 மி.மீ. துளையுள்ள கேபிலரிக்கு அதில் ஒரு துணுக்கு போதும், கதை முடிந்தது. அதன்பின் குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே பற்றவைத்தேன், உள்ளே பளபளவென்று இருந்தது. இன்னொரு பாடம் கம்ப்ரசரின் குழாய் முனையில் கிடைத்தது. பார்க்கச் செம்பு, சுரண்டினால் இரும்பு. செம்புக்குப் போடும் பாஸ்பரஸ் ராடு இரும்போடு சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும். அழுத்தம் ஏற்றிச் சோப்பு நுரை தடவியபோது சரியாக அந்த இடத்தில்தான் குமிழி வந்தது. வெள்ளி கூடுதலாக உள்ள ராடும் ஃப்ளக்ஸும் வாங்கித் திருப்பிச் செய்தேன்.

கேபிலரி நீளத்துக்குக் கணக்கு உண்டு, ஆனால் கடைசியில் நறுக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டருக்குப் பதில் அரத்தால் கீறி ஒடித்தேன். கட்டர் துளையை நசுக்கிவிடும். 4 மீட்டரில் ஆரம்பித்தேன். கட்டியோடு 100 வாட் ஹீட்டரைத் திருகி, அதைப் ப்ராசஸராகப் பாவித்துக்கொண்டேன். ஒரு கிராம் ஆர்-134ஏ ஆவியாக ஏறக்குறைய 217 ஜூல் வேண்டும். அப்படியானால் 100 வாட்டுக்கு நொடிக்கு அரை கிராம்கூட வேண்டாம். கேபிலரியைத் தாண்டும்போதே ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்பதால் முக்கால் கிராம் என்று வைத்துக்கொண்டேன். ஹீட்டர் போடாதபோது மைனஸ் 36 காட்டியது, நான் துள்ளிக் குதித்தேன். ஹீட்டரைப் போட்டதும் விறுவிறுவென்று ஏறி, பூஜ்யத்தையும் தாண்டி 4 டிகிரியில் நின்றது. திரவம் போதாமல் கட்டி வறண்டுவிட்டது. கேபிலரியில் ஒரு மீட்டர் நறுக்கி, திரவம் கூடுதலாக வரவிட்டபின் சும்மா இருக்கும்போது மைனஸ் 28, 100 வாட்டில் மைனஸ் 18. சுமை இல்லாமல் எடுத்த எண்ணைப் படம் பிடித்துக் காட்டுவதில் அர்த்தமே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. என் பழைய படங்களை அழித்துவிட்டேன்.

இந்த நறுக்கலுக்கு நடுவில்தான் அந்தத் தப்பு நடந்தது. குழாயை அறுத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று வாயை அடைக்காமல் படுக்கப் போய்விட்டேன். ஆர்-134ஏ கம்ப்ரசரில் இருக்கும் எஸ்டர் எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். திறந்து கிடந்த ட்ரையரும் அப்படித்தான். காலையில் மூடி, வேக்கம் போட்டு, அதாவது உள்ளிருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து, வாயுவை ஏற்றி ஓட்டினேன். எட்டு நிமிடம் அருமையாகக் குளிர்ந்தது. அப்புறம் சக்ஷன் கேஜ் முள் வேக்கம் பக்கம் சாய, கட்டி சூடேற ஆரம்பித்தது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி எட்டு நிமிடம். வாயு குறைவு என்று நினைத்து 10 கிராம் ஏற்றினேன். அதே எட்டு நிமிடம்.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "கேஸ் கம்மின்னா நின்னு எடுத்தாலும் அப்படியேதான் தம்பி இருக்கும். விட்டு விட்டு வேலை செய்யுதுன்னா ஈரம். கேபிலரி வாயில ஐஸ் கட்டுது" என்றார். அடுத்த முறை நிற்கும்போது கேபிலரி நுனி இருக்கும் இடத்தில் வெந்நீர்த் துணியைச் சுற்றினேன். உள்ளே 'சீ'யென்று ஓசை கேட்டது, உடனே கேஜ் முள் எழுந்தது. மனுஷன் போனிலேயே பிடித்துவிட்டார்.

வாயுவை மறுபடி அவரே வந்து எடுத்தார். புது ட்ரையர் வைத்தேன், கேபிலரிப் பக்கம் கீழே பார்க்கும்படி. வேக்கம் போட்டு, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, திரும்ப வேக்கம். இப்படி மூன்று சுற்று. கம்ப்ரசர் உடம்பில் எண்ணெய் சூடாகட்டும் என்று பக்கத்தில் ஒரு குண்டு பல்பும் எரியவிட்டேன். 20 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 17.5 டாருக்குக் கீழே இறங்கினால் போதும், ஆனால் எண்ணெயில் ஊறிய ஈரம் அவ்வளவு சுலபமாக விடாது. கடைசிச் சுற்றை ராத்திரி முழுக்க விட்டு, காலையில் 500 மைக்ரானுக்கு, அதாவது அரை டாருக்கு, கீழே இருந்ததை உறுதி செய்துகொண்டு வால்வை மூடினேன். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. அதன்பின் எட்டு நிமிடத் தொல்லை வரவே இல்லை.

உள் ஈரம் முடிந்தது, வெளி ஈரம் ஆரம்பித்தது. 30 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் 24 டிகிரியிலேயே பரப்பு வியர்க்கத் தொடங்கும். நம் கட்டியோ மைனஸ் 18. கட்டியைச் சுற்றி ரப்பர் ஃபோம், சாக்கெட்டைச் சுற்றி சிலிகான் கிரீஸ், இடுக்கெல்லாம் பசை என்று அடைத்தேன். காற்று புகாமல் இருப்பதுதான் முக்கியம், ஃபோமின் தடிமன் அப்புறம்தான். இரண்டு நாள் ஓட்டிவிட்டு மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தால், சாக்கெட்டின் பின்புறம் முத்து முத்தாக நீர். முன்பக்கத்தை மட்டும் பூசி மெழுகியிருக்கிறேன்; குளிர் பின்கள் வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. போர்டு எப்படிப் பிழைத்ததோ தெரியவில்லை. இரண்டு நாள் காயவைத்து, பின்புறமும் ஃபோம் ஒட்டி, அதற்குள் சில வாட் மட்டும் இழுக்கும் சின்ன ஹீட்டர் தகடு வைத்தேன். குளிரவைக்கக் கட்டியதற்குள் ஒரு ஹீட்டர்! ஆனால் பின்புறம் இப்போது வறண்டிருக்கிறது.

இப்போதைய நிலவரம்: வெறும் ஃபேன் காற்றில் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நிற்காத ப்ராசஸர் 5.1-ல் நாள் முழுக்க ஓடுகிறது. முழுச் சுமையில் கட்டி மைனஸ் 17. ப்ராசஸரின் உள் சென்சார் சொல்வதை நான் பார்ப்பதில்லை. அது உச்சச் சூட்டுக்கு அருகே சரியாகக் காட்டும்படி செய்தது, பூஜ்யத்துக்குக் கீழே கண்டதைச் சொல்லும். போடும்போது முதலில் கம்ப்ரசர், கட்டி மைனஸ் 10 தொட்டபின் கம்ப்யூட்டர். கட்டி 10 டிகிரிக்கு மேல் ஏறினால் தெர்மோஸ்டாட் கம்ப்யூட்டரை நிறுத்திவிடும். கம்ப்ரசரை அணைத்தால் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் திரும்பப் போடுவது, இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். நூறு வாட்டை அள்ள நூற்று நாற்பது வாட் செலவாகிறது. இதை யாரும் கேட்காதவரை நானாகச் சொல்வதில்லை.

சக்ஷன் குழாய் கம்ப்ரசருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் நீளம் இன்னும் வியர்க்கிறது. ஃபோம் தீர்ந்துவிட்டது. கீழே ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன், இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டுகிறேன்.