படம் வரலைன்னாலும் பரவால்ல: ஜூன் மாச நாட்குறிப்பு

ஜூன் 4, புதன்
ஃபிங்கர் பெயிண்ட் (விரலால தொட்டு வரையற கலர்) மூடியத் தொறந்ததுமே, ஆட்டிசம் இருக்கற என் பையன் ஒரே அலறல். வாசனை ஆகலையா, சில்லுனு இருக்கறது புடிக்கலையா தெரியல, விரல் நுனில ஒரு பொட்டு பட்டதுக்கே சட்டையில தேய் தேய்னு தேச்சுக்கிட்டான். ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்குப் பழக்கற சிகிச்சை) மேடம் கிட்ட கேட்டா, "கையப் புடிச்சு உள்ள முக்கிடாதீங்க, ஜிப்லாக் கவர்ல பெயிண்ட ஊத்தி நல்லா டேப் ஒட்டிக் குடுங்க, மேல இருந்தே அமுக்கட்டும்"னாங்க.

ஜூன் 8, ஞாயிறு
மஞ்சளும் நீலமும் ஊத்தி ஜன்னல் கண்ணாடில ஒட்டிட்டேன். ரெண்டும் சேந்து பச்சையாகுற எடத்தையே விரலால தள்ளித் தள்ளி, கண்ணைக் கிட்ட வச்சுப் பாத்துக்கிட்டு, "ம்ம்ம்"னு ஒரு சத்தம், அது அவன் நல்லா இருக்கும்போது மட்டும் வர்றது. அத்தை வந்து "படம் எங்கடா கண்ணு?"ன்னாங்க. படம் யாருக்கு வேணும் அத்தை.

ஜூன் 17, செவ்வாய்
இன்னைக்கு மைதா மாவு. ரெண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு, கொஞ்சம் எண்ணெய், மஞ்சள்தூள், தண்ணி (உப்பு ஜாஸ்தி, வாயில வைக்கற பசங்கன்னா பக்கத்துலயே உக்காருங்க). சப்பாத்திக் கட்டையக் குடுத்ததும் உடம்பு மொத்த பலத்தையும் போட்டு உருட்டுறான். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கற அந்த அழுத்தம்தான் அமைதிப்படுத்துதுன்னு ஓ.டி.ல சொல்றாங்க, அமெரிக்க ஓ.டி. நிபுணர் ஜீன் ஏயர்ஸ் 1970கள்லயே எழுதினது. ஆட்டிசம் இருக்கற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் மாட்டுக்கு ஊசி போடற கூண்டப் பாத்துட்டு தனக்கே ஒரு அமுக்கற மெஷின் செஞ்சுக்கிட்டாங்களே, அதுவும் இதே சங்கதிதான். அதுக்காக வாட்ஸ்அப் குரூப்ல சொல்ற வெயிட் போர்வையெல்லாம் (உள்ள கனம் வச்சுத் தச்சது) வாங்கப் போறதில்ல. 2014ல இங்கிலாந்துல ஆட்டிசப் பசங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, பசங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா தூக்கம் கூடல. நம்ம ஊர் வெயிலுக்கு அது வேறயா!

ஜூன் 26, வியாழன்
பக்கத்துத் தெரு கோயில்ல ஸ்பீக்கர் கட்டிட்டாங்க, சாயங்காலம் ஃபுல் மெல்ட்டவுன் (தாங்க முடியாம அழுது கத்தி, தன்னையே அடக்கிக்க முடியாமப் போறது). அந்த நேரத்துல கலரும் வேணாம் மாவும் வேணாம், லைட்ட அணைச்சுட்டு பேசாம தள்ளி உக்காந்தேன். அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு அவனா போய் கட்டையத் தேடி எடுத்தான். இதுக்கு நடுவுல ஒரு சென்டர்லேந்து போன், ஆர்ட் தெரபி பேக்கேஜாம், ஆறே மாசத்துல நார்மலாயிடுவானாம், வச்சுட்டேன். அடுத்த வாரம் முடி வெட்டணும், மெஷின் சத்தத்துக்கே நடுங்குவான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மாவு உருட்டவிட்டுக் கூட்டிட்டுப் போலாமான்னு மேடம் கிட்ட கேக்கணும்.