சீவாளி வாயும் ஸ்பைரோமீட்டரும்

பெரியப்பாவுக்கு 63 வயது. குத்தாலம் பக்கம் சாமி புறப்பாடு என்றால் அவர் நாகஸ்வரம் முன்னால் போக வேண்டும். "எனக்கு இருக்கிற மூச்சு உங்க காலேஜ்ல எவனுக்குடா இருக்கு?" என்று பொங்கலுக்குப் பொங்கல் கேட்பார். நான் பிசியோதெரபி பிள்ளைகளுக்கு உடலியல் எடுப்பவன். போன வாரம் மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவரை, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரம் இருந்ததால், லேபுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

மூக்கில் கிளிப் போட்டதும் முகம் சுளித்தார். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரின் அட்டைக் குழலை வாயில் கவ்வக் கொடுத்து, "நெஞ்சு நிறைய இழுத்து, முழுசும் ஊதுங்க" என்றேன். ஊதினார். நிறுத்தவே இல்லை. பத்து விநாடிக்கு மேல் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மெஷின் கைதட்டவில்லை. மொத்தம் 3.1 லிட்டர், அதில் முதல் விநாடியில் வந்தது 0.3 தான். அதாவது 10 சதவீதம். 70-க்குக் கீழே போனாலே மூச்சுக்குழாயில் அடைப்போ என்று சந்தேகிப்பார்கள். தாளில் 'அடைப்பு, கடுமை' என்று அடித்து வந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் காற்று வந்த வேகத்தைக் காட்டும் வளைகோட்டைப் பார்த்தேன். அடைப்புள்ளவருக்கும் பெரும்பாலும் ஆரம்பத்தில் ஒரு கூர்முனை எழும்பி, அப்புறம் குழிந்து இறங்கும். இதில் முனையே இல்லை, ஓட்டு வீட்டுத் திண்ணை மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஐம்பது வருஷமாக நாகஸ்வரச் சீவாளிக்குக் காற்றை அளந்து அளந்து கொடுத்த வாய். குழலைக் கண்டதும் அதையேதான் செய்திருக்கிறது. தப்பு என்னுடையது, 'முழுசும்' என்றேனே தவிர 'வேகமாக' என்று சொல்லவில்லை.

"ஆலாபனை வேண்டாம் பெரியப்பா, அதிர்வேட்டு மாதிரி வெடிங்க." இரண்டாவது தடவை முதல் விநாடியில் 2.4. மொத்தம் அதே 3.1. 77 சதவீதம். உயிர் வந்தது, எனக்கு.

அவருக்குத்தான் ஏமாற்றம். "மூணு லிட்டர்தானா?" 1846-லேயே மருத்துவர் ஜான் ஹட்சின்சன் லண்டனில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்து, இந்த அளவு ஆளின் உயரத்தோடு ஏறுகிறது, வயதோடு இறங்குகிறது என்று எழுதிவிட்டார். பெரியப்பா குள்ளம். அதை நான் சொல்லவில்லை.

அந்த 3.1-ஐப் பிள்ளைகளைப் பிரிக்கச் சொன்னேன். சும்மா இருக்கையில் வந்துபோவது அரை லிட்டர், டைடல். அதற்கு மேல் இழுக்க முடிந்தது 1.8. சாதாரணமாக விட்ட பிறகும் நெக்கித் தள்ள முடிந்தது 0.8. மூன்றையும் கூட்டினால் வைட்டல் கெபாசிட்டி. வால்யூம் என்றால் தனித்தனித் துண்டு, கெபாசிட்டி என்றால் துண்டுகளின் கூட்டு. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் தேவையில்லை.

ஆனால் ஊதி அளக்கவே முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. என்ன தள்ளினாலும் உள்ளே தங்கும் ரெசிடுவல் வால்யூம். அதற்கு ஒரு வழி ஹீலியம், ஏனென்றால் அது ரத்தத்தில் கரைவது மிகச் சொற்பம். எங்களிடம் அந்த வசதி இல்லை, பேச்சுக்கு ஒரு கணக்கு: 3 லிட்டர் கலத்தில் 10 சதவீதம் ஹீலியம். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நொடியில் ஆளை அதில் இணைத்து, உள்ளும் வெளியும் கலக்கும்வரை மூச்சு விடச் சொல்கிறோம். இப்போது 5 சதவீதம். குழம்பில் உப்பு பாதியானால் தண்ணீர் இரட்டிப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக நுரையீரலில் இருந்ததும் 3 லிட்டர். வருஷா வருஷம் பாதி வகுப்பு இதையே ரெசிடுவல் என்று எழுதிவிட்டுப் போகும். இல்லை, இது எஃப்.ஆர்.சி., சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு உள்ளே இருக்கும் மொத்தம். இதில் அந்த 0.8-ஐக் கழித்தால்தான் ரெசிடுவல், 2.2. அதோடு வைட்டல் 3.1 சேர்ந்தால் மொத்தக் கொள்ளளவு 5.3.

பெரியப்பா கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ரெண்டு லிட்டர் சொச்சம் உள்ளேயே கிடக்குமா?"

"கிடக்கும் பெரியப்பா. மேட்டூர் 120 அடி, 93.47 டி.எம்.சி.ன்னு பேப்பர்ல போடுறான், அவ்வளவும் நமக்கு வந்துடுதா? மதகுக்குக் கீழே நிக்கிறது நின்னுக்கிட்டேதானே இருக்கு?"

"இதுக்கும் டிரிப்யூனலுக்குப் போகணுமா?" என்றார்.

சோதனை செல்லுபடியாக வேண்டுமென்றால் சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். குழலை மறுபடி நீட்டினேன். கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மிச்சம் கல்யாண வீட்டுக்கு" என்று நாகஸ்வர உறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.