அக்காவின் முழங்கையும் குடியிருக்கும் செல்களும்

என் அக்காவுக்கு முழங்கையில் சொரியாசிஸ் என்னும், செதில் உதிரும் தோல்படை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர் எல்லோரும் இரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள். கத்தரிக்காயையும் கருவாட்டையும் விடச் சொன்னார்கள். அக்கா விட்டார். கோடையில் மருந்தால் மறைந்த படை, ஜூலைக் குளிரில் அதே முழங்கையில், ஏறக்குறைய அதே வடிவத்தில் திரும்பி வந்தது. உடம்பெங்கும் ஓடும் இரத்தம்தான் காரணம் என்றால், அந்த ஓரிடத்தை மட்டும் அது எப்படித் தேடி வரும்?

விடை தோலுக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்டனில் ஆய்வாளர் ரேச்சல் கிளார்க் குழுவினர் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த ஒருவரின் தோலில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் சுமார் 2,000 கோடி உள்ளன. இது இரத்தத்தில் ஓடுபவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அவற்றில் ஒரு பகுதி, ஒருமுறை போரிட்ட இடத்தைவிட்டு அகலாமல், சிடி103 என்ற புரதத்தால் மேல்தோல் செல்களைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் உடனே எதிர்க்கும் காவல் அது. சொரியாசிஸில் அந்தக் காவலே இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து அழற்சியை மூட்டுகிறது. சுமார் நான்கு வாரத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல், சில நாட்களிலேயே குவிந்து செதிலாக உதிர்கிறது.

2004இல் வெளியான ஒரு சோதனை என்னை மிகவும் பாதித்தது. நோயாளிகளின் படையில்லாத, பார்வைக்கு நலமான தோலை எடுத்து, தமக்கென டி செல்கள் இல்லாத சுண்டெலிகளின்மேல் ஒட்டினார்கள்; மனித இரத்தத்திலிருந்து ஒரு செல்கூட வந்து சேராமலே, சில வாரங்களில் அங்கே சொரியாசிஸ் தோன்றியது.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். முதலில் பார்த்த மருத்துவர், படை சிவப்பாக இல்லை என்பதால் படர்தாமரை என்று எண்ணி, இரண்டு ஆண்டுகள் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பே கொடுத்தார். நம் கருந்தோலில் அழற்சி ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோதான் தெரியும்.

இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் ஊசிகள் பலருக்குத் தோலைத் தெளிவாக்குகின்றன. ஆயினும் குடியிருக்கும் செல்கள் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், நிறுத்தியபின் பலருக்குப் படை பழைய இடத்திலேயே திரும்புகிறது. அச்செல்கள் நிலைத்திருக்க இன்டர்லூகின்-15 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் தேவை. தோல் நிறமிழக்கும் வெண்புள்ளி நோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில், அந்தப் புரதம் செல்லில் வந்து பற்றும் ஏற்பியைத் தடுத்தபோது தோலில் குடியிருக்கும் டி செல்கள் குறைந்தன, நிறமும் திரும்பியது. அதே வழி சொரியாசிஸுக்கும் திறக்குமா என்பதைத்தான் நானும் அக்காவும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.