திருப்பி விட்ட பூனை

பூனை மீட்புக் குழுவில் இருக்கிறேன் என்று சொன்னதும், இதுவரை எத்தனை பூனைகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நானும் அந்தக் கணக்கை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்ட பூனைகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு சாம்பல் நிறத் தாய்ப்பூனை.

ஒரு கிடங்கின் பின்புறம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அது 3 குட்டிகளை ஈன்றிருந்தது. தாயைக் காணவில்லை என்று தகவல் வந்ததும் குட்டிகளை அள்ளிக்கொண்டு வர எனக்குக் கை பரபரத்தது. குழுவில் மூத்தவரான அக்கா தடுத்து, குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு வரச் சொன்னார். சில மணி நேரம் கழித்துப் போனபோது மாவில் பெரிய காலடித் தடங்கள் பதிந்திருந்தன. நாங்கள் அங்கே நின்றதுதான் தாயை வரவிடாமல் செய்திருக்கிறது. அன்று அள்ளி வந்திருந்தால், பிறந்து 10 நாள்கூட ஆகாத குட்டிகளுக்கு இரவு பகலாக 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை புட்டிப்பால் கொடுத்து, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவிவிட வேண்டியிருந்திருக்கும். அந்த வயதில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது. (பசும்பால் கொடுத்து, வயிற்றுப்போக்கில் குட்டியைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள்.)

குட்டிகளுக்கு 6 வாரம் ஆகும்வரை காத்திருந்தோம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால், மனிதரிடம் எளிதாகப் பழகும் வயது கடந்துவிடும். பாலூட்டும்போதே தாய் மறுபடி சினையாகவும் கூடும், சினைக்காலமோ ஏறத்தாழ 9 வாரம்தான். கூண்டின் கதவு விழுந்ததும் தாய் கம்பிகளில் மோதி மோதி மூக்கைச் சிராய்த்துக்கொண்டது. மேலே ஒரு போர்வையைப் போட்டு இருட்டாக்கிய பிறகே அடங்கியது.

கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து, இடது காது நுனியில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நேராக வெட்டப்பட்டு அது என் அறைக்கு வந்தது. கருத்தடை முடிந்ததற்கு அந்த வெட்டுதான் அடையாளம்; அது இருந்தால், தெரியாமல் யாரும் மறுபடி பிடித்து மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த பூனையென்றால் சில நாளில் குரல் கொடுக்கும், காலை உரசும். இதுவோ மணல் தட்டுக்குப் பின்னால், காதுகள் தலையோடு ஒட்டப் பதுங்கிக் கிடந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகே சாப்பிட்டது. இன்னும் ஒரு மாதம் வைத்துப் பழக்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒரு மாதமும் அதற்குச் சிறைதான். பழகிவிட வேண்டும் என்பது நம் ஆசை.

குட்டிகளில் இரண்டு சேர்ந்தே ஒரு வீட்டுக்குப் போயின. மூன்றாவது குட்டியைத் தத்தெடுத்த பெண் நான்காம் நாள் இரவு அழைத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்கிறது, திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று தயங்கிக் கேட்டார். வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரே அறையில் வைத்து, குட்டியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து வேறு வேலை பாருங்கள் என்றேன். ஒன்பதாம் நாள் அவர் மடியில் கிடந்த துணி மடிப்பின் மேல் அது தூங்கும் படம் வந்தது.

தாயைக் கிடங்கின் பின்புறமே விட்டோம். கதவைத் தூக்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டிகளுக்குள் பாய்ந்தது. அங்குள்ள காவலாளி தினமும் ஒரே நேரத்தில் தட்டு வைக்கிறார். பத்தடி தள்ளி நின்று, அவர் நகர்ந்த பிறகுதான் வருகிறதாம். காது வெட்டில்லாத பூனை எதுவும் அந்தத் தட்டுக்கு வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அழைத்தார்: ஒரு கறுப்புக் கடுவன் வருகிறதாம், இரண்டு காதும் முழுசாக இருக்கின்றனவாம்.