காதால் பார்க்கிற படம்

சினிமாக் கோட்பாடு படிக்கப் போகிறவர்களுக்கு வரும் புத்தகங்களில் முக்கால்வாசி கேமரா, எடிட்டிங், பார்வை என்று கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தையே சுற்றி வரும். ஒலியில் ஆர்வம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது சினிமா ஒலி ஆய்வாளர் மிஷேல் சியோன் 1990இல் பிரெஞ்சில் எழுதிய 'ஆடியோ-விஷன்'. அதில் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள், அப்புறம் திரையை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய 'எம்' (1931), இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் முதல் பேசும் படம், இதற்கு அருமையான படம். பள்ளியிலிருந்து வரவேண்டிய மகள் எல்ஸியைத் தாய் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்; திரையில் ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் பரண், மேசையில் யாரும் தொடாத தட்டு. சத்தத்தை அணைத்துவிட்டால் அதெல்லாம் வாடகைக்கு விடப்போகும் வீட்டின் போட்டோ மாதிரி இருக்கிறது. குரல் சேர்ந்ததும் அந்தத் தட்டைப் பார்க்கவே முடியவில்லை. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது, கம்பியில் பலூன் சிக்குகிறது, அவ்வளவுதான். கொலையை லாங் காட்டவே இல்லை, ஆனாலும் பார்த்துவிட்டோம்.

கொலைகாரனும் முதலில் ஒரு நிழல், ஒரு விசில். இசையமைப்பாளர் கிரீகின் 'பியர் கின்ட்' இசையிலிருந்து ஒரு துண்டை விசிலடிப்பான். ஊரே தேடும் அந்த ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது பலூன் விற்கும் கண் தெரியாத மனிதர், அந்த விசிலை வைத்து. முகம் காட்டாத குரலுக்கு சியோன் 'அக்கூஸ்மெத்ர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார். முகம் தெரிந்தால் அதன் பலம் போய்விடும் என்கிறார். விசிலுக்கும் அது பொருந்தும் என்பேன். கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரியின் முகத்தைப் பார்த்தபின் எனக்குப் பயம் குறைந்து ஏதோ ஒரு பரிதாபம் வருகிறது.

இன்னொன்று, சியோன் 'சின்க்ரெசிஸ்' என்று சொல்வது. உதடு அசைவதும் குரல் வருவதும் ஒரே நேரத்தில் நடந்தால் நம் மூளை இரண்டையும் ஒட்டிவிடும், எங்கிருந்து வந்த சத்தம் என்று கேட்காது. நமக்கு இது புதுசா என்ன? எண்பதுகளின் மோகன் படங்களில் பேசும்போது கேட்டது பெரும்பாலும் எஸ்.என்.சுரேந்தரின் குரல், பாட்டு வந்தால் பல படங்களில் எஸ்.பி.பி. ஒரே முகத்துக்கு இரண்டு குரல், தியேட்டரில் யாருக்கும் உறுத்தவில்லை. சியோனைச் சோதித்துப் பார்க்க நம் டப்பிங் சினிமாவைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆனால் நம் விமர்சனங்களில் ஒலி என்றால் 'பின்னணி இசை பலம்' என்று ஒரு வரியோடு சரி. காலடி, கதவு, வளையல் சத்தம் வரை தனியாகச் செய்து சேர்க்கிற ஃபோலி கலைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, எனக்கு இதில் நிஜமாகவே கோபம். சினிமா படிக்கிற யாராவது ஒரு மோகன் படத்தை எடுத்து, சுரேந்தர் எங்கே நிற்கிறார், எஸ்.பி.பி. எங்கே தொடங்குகிறார், நடுவில் எந்தச் சத்தம் அந்த ஒட்டை மறைக்கிறது என்று உட்கார்ந்து எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.