ஏசி புல்லி இரைச்சல்: கொம்பிரசரை மாற்ற முன்

பொனட்டுக்குள் கொரகொரவென்று சத்தம் என்று போனால், "கொம்பிரசர் போயிட்டு, மாத்தணும்" என்பதுதான் பல கராஜ்களில் முதல் பதில். போயிருப்பது பெரும்பாலும் அதன் முகப்பில் சுழலும் புல்லியின் பெயாரிங் மட்டும்தான்.

எஞ்சின் ஓடும்வரை புல்லி சுழலும், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும். புல்லியின் பின்னால் இருக்கும் கொயில் (மின்சுருள்) காந்தமாகி, முன்னால் இருக்கும் கிளச் பிளேட்டைப் புல்லியோடு இழுத்தால்தான் கொம்பிரசரின் உள்ளே ஷாஃப்ட் சுற்றும். ஆகவே ஏசியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நிறுத்தியும் இரைந்தால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏசி போட்டால் மட்டும் வரும் சத்தம் கொம்பிரசரின் உள்ளேயிருந்தோ, வழுக்கும் கிளச்சிலிருந்தோ வருவது. கிளச் இல்லாத வகைக் கொம்பிரசருக்கு இந்தச் சோதனை சரிவராது, அதில் ஷாஃப்ட் எப்போதும் சுற்றும். அக்வாக்காரரும், முதல் தலைமுறை தவிர்ந்த பிரியஸ்காரரும் இதை வாசிக்கவே தேவையில்லை. அவற்றில் மின்சாரக் கொம்பிரசர், புல்லியே கிடையாது.

ஆல்டர்னேட்டர், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர், வாட்டர் பம்ப் பெயாரிங்குகளும் இதே குரலில்தான் இரையும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். கெட்ட பெயாரிங் மணல் அரைபடுவதுபோல் கையில் தெரியும். புல்லியை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசையும். பெயாரிங்கின் சீலைச் சுற்றித் துருச்சிவப்பில் தூள் படிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நம்ம ஊரில் இது சீக்கிரம் போவதற்குத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். பெரும்பாலான கார்களில் கொம்பிரசர் எஞ்சினின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அண்டர் கவர் கழன்றுபோன காரில் மழைவெள்ளம் நேரே அதில் அடிக்கும். அதைவிட மோசம் சேர்விஸ் ஸ்டேஷனின் பிரஷர் தண்ணீர். கிரீஸைக் காக்கும் சீல் அந்த வேகத்தைத் தாங்காது.

இந்த வேலைக்குக் காஸ் இறக்கத் தேவையில்லை. பிளேட், புல்லி, கொயில் மூன்றும் ஷாஃப்ட் சீலுக்கு வெளியே இருப்பவை. இடம் போதாவிட்டால் கொம்பிரசரின் போல்ட்டுகளைக் கழற்றி, குழாய்களோடேயே ஒரு பக்கம் கட்டித் தொங்கவிடலாம். பில்லில் காஸ் நிரப்பல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, பிளேட்டைப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டை எடுக்கவும். ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி) இறுகியிருந்தால் ஸ்குரூட்ரைவரால் நெம்பக்கூடாது, பிளேட் வளைந்துவிடும்; பல ஹப்களில் அதற்கென்றே மறை வெட்டியிருக்கும், பொருத்தமான போல்ட்டை முறுக்கினால் தானே வெளியே வரும். உள்ளே இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களான ஷிம்கள் இருக்கும், ஒன்றுகூடத் தொலையக்கூடாது. ஹப்பின் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அப்படியானால் பெயாரிங் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

அடுத்து புல்லியைக் கழன்றுவிடாமல் பிடிக்கும் வளையமான சேர்கிளிப், பிறகு புல்லி. கொம்பிரசர் மூக்கில் (பெயாரிங் அமரும் முன்நீட்டில்) பெயாரிங் சுற்றித் தேய்த்த பள்ளம் இருந்தால் புதுப் பெயாரிங்கும் ஆடும். பெயாரிங் புல்லிக்குள்ளேயே சுற்றியிருந்தால் பசை வைத்து ஒட்டாமல் புல்லியையே மாற்றுங்கள். கொயிலையும் மீற்றரால் பாருங்கள்: 12 வோல்ட் கொயில் பொதுவாக 3 முதல் 4 ஓம் வரை காட்டும். பெயாரிங் இறுகிச் சூடேறியிருந்தால் கொயிலும் வெந்திருக்கலாம்.

கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குக் காரின் பெயரோடு மட்டும் போகாதீர்கள், பழைய புல்லியைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே மொடலில் இரண்டு வகைக் கொம்பிரசர் வருவதுண்டு. பொதுவாக வேண்டியது இரட்டை வரிசைப் பெயாரிங், 30×55×23 மி.மீ. அடிக்கடி காணும் அளவுகளில் ஒன்று. பழைய புல்லி செட் வாங்குவதானால் பெல்ட் வரிகளை எண்ணி, வெளிவிட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

பெயாரிங்கை லேத் கடையில் பிரஸ்ஸில் போடுவதே நல்லது. புல்லிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பதிந்து முதல் நாளே இரையும். கொம்பிரசர் மூக்கில் ஏற்றும்போது நேர்மாறு, உள் வளையத்தில்தான் தட்ட வேண்டும். சுத்தியலோடு நிற்கும் மெக்கானிக் பாஸிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேர்கிளிப்பின் சரிவான விளிம்பு வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவது பிளேட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளியை. பல கார்களில் இது 0.35 முதல் 0.65 மி.மீ. வரை, உங்கள் காரின் மெனுவலில் உள்ள அளவே முடிவு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் விட்டுப் பார்த்து, ஷிம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யவும். இடைவெளி குறைந்தால் ஏசி போடாதபோதும் பிளேட் உரசிச் சூடாகும். கூடினால் காலையில் ஒழுங்காக வேலை செய்யும் ஏசி, மத்தியானம் கொழும்பின் காலி வீதி நெரிசலில் நின்றுவிடும்: கொயில் சூடேற அதன் தடை கூடி, காந்தம் பலமிழந்து, பிளேட்டை இழுக்க முடியாமல் போகும். ஆறியதும் திரும்ப வரும். இதைக் காஸ் குறைவு என்று நினைத்து நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

பெல்ட்டில் வெடிப்பிருந்தால் இப்போதே மாற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் புதுப் பெயாரிங்கும் நீடிக்காது. கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் பதினைந்து இருபது தடவை போட்டு நிறுத்துங்கள். பிளேட்டின் முகம் புல்லியோடு படிந்துவிடும்.