கணுக்காலிகளின் முன்னோரைத் தேடி: சில குறிப்புகள்

ஜூன் 3, 2025

பூரான், நண்டு, பூச்சி மாதிரி கணுக்கணுவான கால் கொண்டவைதான் கணுக்காலிகள். அவற்றின் முன்னோர் யார்? முதலில் ஸ்ப்ரிகினா என்ற புதைபடிவத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தென் ஆஸ்திரேலியாவின் எடியாக்காரா குன்றுகளில் கிடைத்தது. வயது சுமார் 55 கோடி ஆண்டு. பிறை மாதிரி ஒரு தலை, பின்னால் வரிசையாகக் கண்டங்கள், அதாவது உடலின் துண்டு துண்டான பகுதிகள். டிரைலோபைட் என்ற, அழிந்துபோன ஓட்டுக் கணுக்காலியின் மூதாதை என்று சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடுக்கோட்டைக் கவனித்தால், இடப்பக்கக் கண்டமும் வலப்பக்கக் கண்டமும் நேருக்கு நேர் சேரவில்லை, சற்றே தள்ளித் தள்ளி நிற்கின்றன. பூரானிலோ நண்டிலோ இப்படி இருக்காது. காலும் தெரியவில்லை. எனக்கு இது கணுக்காலியின் பாட்டனாகப் படவில்லை.

ஜூன் 5

சரி, வேறு எதை நம்புவது? தடத்தைத்தான். கடலடிச் சேற்றை இருபக்கக் கால்களாலும் தோண்டி ஒரு விலங்கு பதுங்கிய குழிக்கு ரூசோஃபைகஸ் என்று பெயர். பாறையில் இரண்டு மேடுகள், நடுவே ஒரு பள்ளம். மேடுகளின் மேல் கால் கீறிய கோடுகள்கூடத் தெரிவதுண்டு. மிகப் பழையது சுமார் 53.7 கோடி ஆண்டுக்கு முந்தையது. முதல் டிரைலோபைட் ஓடு கிடைப்பதோ 52.1 கோடியில். இடையில் ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் தடம் இருக்கிறது, ஆளைக் காணோம்! டிரைலோபைட்டின் ஓடு கால்சைட்டால் ஆனது. அந்த ஓடு இல்லாதவை செத்ததும் அழுகிப் போயிருக்கும். (ராஜஸ்தானின் நாகௌர் மணற்கல்லிலும் ரூசோஃபைகஸ் உண்டு. போய்ப் பார்க்க ஆசை.)

அதற்கும் முன்னால், ஸ்ப்ரிகினா வாழ்ந்த எடியாக்காரன் காலத்திலேயே கணுக்காலிகள் இருந்து, அழுகித் தொலைந்திருக்கலாமே? 2018-இல் தொல்லுயிரியலாளர் ஆலிசன் டேலி குழுவினர் இதற்குப் பதில் சொன்னார்கள். அந்தக் காலத்துப் பாறைகளிலும் மென்னுடல்கள் நன்றாகப் பதிவான இடங்கள் இருக்கின்றன. அங்கே பாசி கிடைக்கிறது, கணுக்காலி கிடைக்கவில்லை. நான் அவர்கள் கட்சி.

ஜூன் 8, ஞாயிறு

இறால் உரித்தேன். தலையைக் கிள்ளிப் போட்டபின் கையில் மிஞ்சும் வளைந்த துண்டு, அடியில் ஜோடி ஜோடியாகக் கால்கள். 1892-இல் கனடாவில் தொல்லுயிரியலாளர் வைட்டீவ்ஸ் பாறையில் கண்டதும் ஏறக்குறைய இதுதான். தலை போன இறால் என்று நினைத்து அனோமலோகாரிஸ் என்று பெயர் வைத்தார். 1911-இல் வால்காட் ஒரு வட்டமான பதிவை ஜெல்லிமீன் என்றார். 1985-இல் விட்டிங்டனும் பிரிக்ஸும் முழு உடலைக் காட்டினார்கள். 'இறால்' அனோமலோகாரிஸ் குடும்பத்து விலங்கின் முன்கை, 'ஜெல்லிமீன்' வாய்.

அந்த முன்கை மட்டும்தான் கணுக்கணுவாக, கெட்டியாக இருக்கிறது. உடம்பில் மென்மையான மடல்கள், நடக்கக் கால் இல்லை. கண்ணோ அசல் கூட்டுக்கண்: ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த ஒன்றில் 16,000 வில்லைகளுக்கு மேல். பிடிக்கும் கையும் பார்க்கும் கண்ணும் முதலில் தேறியிருக்கின்றன, உடம்பு அப்புறம்தான்.

ஜூன் 9

காலே இல்லாத அனோமலோகாரிஸ் கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையில் 50.8 கோடி ஆண்டுதான், காலடித் தடமோ அதைவிட மூத்தது. உதைக்கிறதே? இல்லை. அது பாட்டன் அல்ல, ஒன்றுவிட்ட பெரியப்பா. கிளை பிரிந்தது முன்னால், நமக்குக் கிடைத்தவை பின்னால் வாழ்ந்தவை.

ஜூன் 12

கைலின்ஷியா என்றொரு புதைபடிவம். சீனாவின் யுன்னானில் உள்ள செங்ஜியாங், 51.8 கோடி ஆண்டு. அனோமலோகாரிஸுடையது போன்ற முன்கை, கெட்டிக் கண்டங்கள் கொண்ட உடம்பு, கணுக்கால்கள். அனோமலோகாரிஸ் பக்கத்தையும் அசல் கணுக்காலிகள் பக்கத்தையும் இணைக்கும் உயிர் என்று 2020-இல் அறிவித்தபோது ஐந்து கண் என்றார்கள். 2023-இல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த வேறொரு குழு, மூன்றுதான் என்றது. தலையில் ஆறு கண்டங்கள் இருப்பதையும் எண்ணிக் காட்டியது. இந்தத் துறையில் கண்ணைக்கூட இரண்டு தடவை எண்ண வேண்டியிருக்கிறது.

ஜூன் 15

யூட்டி யுவான்ஷி என்ற இன்னொரு புதைபடிவம், 2024-இல் வெளியானது. யுன்னானிலிருந்துதான் இதுவும், கசகசா அளவே உள்ள லார்வா, வயது சுமார் 52 கோடி ஆண்டு. இங்கிலாந்தின் டைமண்ட் சிங்க்ரோட்ரானில் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் ஆய்வுக்கூடம்) எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே மூளை, செரிமானச் சுரப்பிகள், ரத்த ஓட்டத்துக்கான குழிகள், கால்களுக்குப் போகும் நரம்பின் சுவடு எல்லாம் முப்பரிமாணத்தில் அப்படியே இருந்தன. மற்ற பதிவுகள் நசுங்கித் தட்டையானவை. இது பாஸ்பேட் கனிமமாக மாறி உருக்குலையாமல் தப்பியிருக்கிறது. ஆனால் இது குட்டி. வளர்ந்த யூட்டி கையில் இல்லாமல் வம்சாவளியில் இதற்கு ஓர் இடம் போடுவது கொஞ்சம் அவசரமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.